ஒரு தட்டு

அடுப்பறையின் செம்மஞ்சள் வெளிச்சத்தில் ரொட்டிக்காரர் மாவுக் கையோடு நிற்கிறார். கோபித்துக்கொண்டு போன மகள் இன்றுதான் முதல்முறையாக வீடியோ காலில் வந்திருக்கிறாள். "அப்பா, நான் வந்து..." என்று தொடங்கியவளின் முகம் திரையில் உறைகிறது. இந்த மூலையில் வைஃபை எப்போதும் இப்படித்தான் இழுக்கும். மொபைல் டேட்டாவுக்கு மாற, வழக்கம்போல் சுண்டுவிரலால் ஒரே தட்டில் வைஃபையை அணைக்கப் பார்க்கிறார். போனில் நேற்று வந்த அப்டேட்டுக்குப் பிறகு அந்தப் பொத்தான் அணையாமல் ஏதோ பட்டியலைத் திறக்கிறது. "இது என்னடா புதுக் கூத்து!" திரையெல்லாம் மாவு அப்பிக்கொள்ள, அழைப்பு அறுந்துபோகிறது. அப்பாதான் வெட்டிவிட்டார் என்று நினைப்பாளே! வீம்பை மூட்டை கட்டிவிட்டு வாசலுக்கு ஓடி, அவரே கூப்பிடுகிறார். "நான் கட் பண்ணலம்மா. நீ சொல்லு." உள்ளேயிருந்து ரொட்டி கருகும் வாடை வருகிறது. அவர் அசைவதாக இல்லை.