மண்புழுவின் சர்வாதிகாரம்

“இந்த மண்புழுவை நசுக்காம விடமாட்டேன் அண்ணி!”

செல்போனைச் சோபாவில் விசிறியடித்தான் கொழுந்தன். மெத்தை இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் விசிறினான். ஆத்திரத்திலும் ஒரு நிதானம்.

அண்ணி அவனுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வேலை நிரந்தரமா, இல்லை மூட்டை கட்ட வேண்டியதுதானா என்று நாளைக்குத்தான் மேனேஜர் சொல்லப்போகிறார். ஆறு மாதம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்துவிட்டு, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வேலை. சட்டையாவது கசங்காமல் போகட்டும் என்பது அவள் கவலை.

“எந்த மண்புழு தம்பி?”

“எங்க சர்வரோட அட்மின்! சொந்தப் பேரைச் சொல்லக்கூடத் துப்பில்ல, மண்புழுன்னு வெச்சிருக்கு. மத்தியானத்துலேருந்து சர்வரையே இழுத்து மூடிட்டு எங்கேயோ நெளிஞ்சிட்டிருக்கு.”

பெரிய சமூக வலைத்தளத்தின் முதலாளி சரியில்லை என்று ஊரே பெட்டி படுக்கையோடு இந்தப் புதிய இடத்துக்குக் குடிவந்திருந்தது. இங்கே முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் ஒரு சர்வர் வைத்து ஆள் சேர்க்கலாம். ஒரு சர்வரில் எழுதினால் மற்ற சர்வர்களுக்கும் போய்ச் சேரும்.

கொழுந்தன் அவசரத்தில் ஏறிக்கொண்ட சர்வர், தொட்டிச் செடி வளர்க்கும் நாற்பது பேர் “இலை ஏன் மஞ்சளாகுது?” என்று கேட்டுக்கொள்வதற்காக ஆரம்பித்தது. இப்போது அதில் பல்லாயிரம் பேர். மஞ்சள் இலையைச் சீந்த ஆளில்லை. எல்லோரும் புரட்சியில் இருந்தார்கள்.

சேர்ந்ததும் முதலில் ஒரு செடிப் படம் போட வேண்டும் என்பது மட்டும் அங்கே பழைய வழக்கம். நேற்று அண்ணியின் ஜன்னலோரத் தொட்டியைப் படமெடுத்துப் போட்டுவிட்டு, இவனும் இன்றைக்குப் புரட்சியில் இறங்கிவிட்டான்.

“காலையில போட்டது பக்கத்து சர்வருக்குப் போகச் சாயங்காலம் ஆகுது. கேட்டா, கூட்டம் தாங்கலையாம். தாங்காதவங்க எதுக்குக் கடை விரிக்கணும்?”

“கடைன்னா, காசு வாங்கறாங்களா?”

“காசா? அதெல்லாம் ஓசிதான். அதுக்காகக் கேள்வி கேட்கக்கூடாதா?”

“தாராளமா கேட்கலாம்.”

“அதிகாரத்துக்கு எதிரா இன்னிக்கு ஒரு பதிவு போட்டேன் அண்ணி. உடனே மண்புழு தனியா வந்து மிரட்டுது. ‘இது மத்த சர்வர்லயும் தெரியும், எடுத்துடுங்க’ன்னு. அடுத்த சர்வர்ல இருக்கிறவன் என் பதிவை எங்க தேடிப் பார்க்கப் போறான்? யார்கிட்ட காது குத்துது? போடான்னு பதில் போட்டேன்.”

இஸ்திரிப் பெட்டி ஒரு நொடி நின்றது.

“போடான்னா போட்டீங்க?”

“பின்னே, வாடான்னா போடுவாங்க?”

இஸ்திரி மேஜைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் எப்போதும் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். இன்றைக்குச் சத்தமில்லாமல் கிடந்தது. அந்த வீட்டில் எது எதனால் ஓடுகிறது என்று கேட்கிற பழக்கம் கொழுந்தனுக்கு இருந்ததில்லை. தன் சட்டை யாரால் மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்பது உட்பட.

அவன் குளிக்கப் போனதும் அண்ணன் மெல்ல வந்தான்.

“ஏம்மா, நீயேதான் நிறுத்தினியா? அவன் திட்டினான்னு கோபமா?”

“கோபம்தான்.”

“அதுக்காக அத்தனை பேரையும் காக்க வைக்கிறதா? சொந்தக் கொழுந்தன் வாயையே அடைக்கிறது உனக்கே நல்லாருக்கா?”

அவள் குனிந்து கம்ப்யூட்டரோடு ஏதோ மல்லுக்கட்டினாள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி உர்ரென்றது. நம்ம வீட்டிலேயே ஒரு சர்வாதிகாரி என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு போனான்.

மறுநாள் மாலை கொழுந்தன் துள்ளிக்கொண்டு வந்தான்.

“அண்ணி, வேலை நிரந்தரம்!”

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளைக்கான சட்டையை எடுத்து மேஜையில் விரித்தாள்.

“மேனேஜரும் வேற சர்வர்ல சேர்ந்திருக்காராம். நேத்துச் சாயங்காலம் என் பக்கத்தைத் தேடிப் பார்த்தாராம். ‘ஒரே ஒரு செடிப் படம்தான்ப்பா இருந்துச்சு, எவ்வளவு கண்ணியம்!’னு மெச்சிக்கிட்டார். அவர்தான் மனுஷன்!”

“நீங்க போட்ட பதிவு?”

“அதுவா...” குரல் இறங்கியது. “மீட்டிங்ல அவர் வாயைப் பிளந்துட்டுத் தூங்கின படம் அண்ணி. வெளிய போறதுக்குள்ள அந்த மண்புழு தூக்கிடுச்சு. நல்லவேளை... இல்ல, நல்லவேளைன்னு சொல்லக்கூடாது. கருத்துச் சுதந்திரம்னு ஒண்ணு இருக்கில்ல?”

அண்ணன் செய்தித்தாளை இறக்கிவிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் காலரில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் செல்போனை எடுத்தான். முகம் மறுபடி சிவந்தது.

“பாருங்க அண்ணி அநியாயத்தை! ‘எனக்கு வேண்டிய ஒருத்தருக்காக நேத்து எல்லாரையும் காக்க வெச்சுட்டேன், தப்புதான், மன்னிச்சிடுங்க’ன்னு மண்புழுவே எழுதியிருக்கு. முதலாளியே இல்லாத இடத்துல குடும்ப ஆட்சி! ஒரே ஒரு உதவாக்கரைக்காக அத்தனை பேர் தவிச்சிருக்கோம். அந்த ஆளு மட்டும் யாருன்னு தெரியட்டும்...”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி,” என்றாள் அண்ணி. “அந்த ஆளு சட்டைக்குத்தான் இஸ்திரி போட்டுட்டிருக்கேன்.”