கலங்கிய பறவைகள்

ஆலங்குடியில் ஸ்டுடியோ நடத்தும் குணசேகரன், பறக்கும் பறவைகளை மருமகள் சுபா வேண்டுமென்றே கலங்கலாக எடுத்திருந்த படங்களை ஒவ்வொன்றாக மேசையில் வீசினார்.

"ஏம்மா, இது கொக்கா, கொடியில காயிற வேட்டியா?"

"அது பறக்குற வேகம் மாமா. கடை முகப்புல மாட்டலாமா?"

"மாட்டுனா ஊரே சிரிக்கும். இன்னைக்கும் கையாலயே ஃபோகஸ் வைக்கிறவன் நான்!"

மேசையில் கிடந்த இன்னொரு படத்தை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோய் உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தப் பச்சைக்கிளி அதவிட மோசம். மூக்கும் தெரியல, முழியும் தெரியல."

சுபா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அது கிளியில்லீங்க மாமா. போன வாரம் நீங்க எடுத்த கல்யாணப் பொண்ணு, பச்சைப் பட்டுல நிக்கிது. எல்லாப் படமும் இப்படித்தான் வந்திருக்கு. பொண்ணு வீட்டுக்காரங்க ஆல்பம் வாங்க வாசல்ல நிக்கிறாங்க."