குறுக்குப் பாதையில் ஆணி

"இது சாலையில கிடந்த ஆணி இல்ல, கிராணியாரே. உங்களுக்குன்னே யாரோ வச்ச ஆணி."

கிள்ளான் டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த வேலாயுதம், டயரிலிருந்து பிடுங்கியதை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மாட்டு லாடத்துக்கு அடிக்கிற ஆணி. உறைந்து கெட்டியான ரப்பர்ப் பால், கட்டிப்பால் துண்டு ஒன்றில், முனை மேலே பார்க்கும்படி குத்தி நிறுத்தியிருந்தது.

ராதாகிருஷ்ணன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். ரப்பர் மரத்திலிருந்து கட்டிப்பாலை உரித்தெடுப்பது பால்வெட்டுக்காரர்கள்தான். அப்படியானால் ஆள் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அவன். தபால் பையோடு கிள்ளானுக்குப் போய் வருவதும் இப்போது அவன் வேலைதான். பெரிய சாலை ஒரே சுற்று. ஆற்று மரப்பாலத்தைத் தாண்டிப் போகும் செம்மண் பாதைதான் குறுக்கு. மழைக்காலம் பிறந்ததிலிருந்து, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மூங்கில் புதரோரம் வரும்போதெல்லாம் டயர் புஸ்ஸென்று இறங்கிவிடுகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி, பெரிய சாலையில் மாட்டு வண்டி பிடித்து வருவதற்குள் தபாலாபீசைச் சாத்திவிடுகிறார்கள். இன்னொரு தடவை தபால் தவறினால் வேறு கிராணியைப் பார்த்துக்கொள்வதாகத் துரை சொல்லிவிட்டார்.

"தினமும் குத்துதா?" என்று கேட்டார் வேலாயுதம்.

"இல்ல. வெயில் நாள்ல ஒண்ணும் ஆகறதில்ல. பெரிய மழை பேஞ்சு விட்டா, மறுநாள் தப்பாது."

"ஈர ரப்பர் லேசாக் கிழியும். வச்ச ஆளுக்கு அது தெரிஞ்சிருக்கு. யார் மேலயாவது சந்தேகமா?"

ராதாகிருஷ்ணன் ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். டயர் இறங்கும்போதெல்லாம், தூரத்து மர நிழலில் பால் வாளியோடு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள் பால்வெட்டுக்காரி இராஜம்மா. சிரிக்கவும் மாட்டாள், கிட்டே வரவும் மாட்டாள். அவன் சைக்கிளைத் திருப்பிய பிறகுதான் வேலைக்குத் திரும்புவாள்.

அவளுடைய புருஷன் அய்யாவுதான் முன்பு தபால் கொண்டுபோனவன். போன மழைக்காலத்தில் சைக்கிளோடு ஆற்றில் விழுந்து செத்தான். துரை விசாரித்தபோது, "கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்திருப்பான்" என்று சொன்னது ராதாகிருஷ்ணன். அய்யாவு குடிப்பானா என்று அவனுக்குத் தெரியாது. அப்படிச் சொன்னால் பேச்சு அதோடு முடியும் என்பது மட்டும் தெரியும். இராஜம்மா ஆபீஸ் படியில் உட்கார்ந்து, அவர் குடிக்கமாட்டார், பலகை, தண்ணி என்று என்னென்னவோ அரற்றினாள். அவன் ஆளைவிட்டு அவளை அப்புறப்படுத்தினான்.

"எது குத்தினாலும் இறங்காத மாதிரி பண்ணித் தர முடியுமா?" என்றான் வேலாயுதத்திடம்.

முடியும் என்றார். பழைய டயர் ஒன்றின் விளிம்புக் கம்பிகளை அறுத்தெறிந்துவிட்டு, மிச்சத்தை டயருக்கும் டியூபுக்கும் நடுவே பட்டையாக வைத்துத் திணித்தார். மட்கார்டிலிருந்து ஒரு கம்பியை வளைத்து, டயரை உரசினாற்போல் தொங்கவிட்டார். ஆணி ஒட்டினால் ஒரு சுற்று சுற்றுவதற்குள் தட்டிவிடும். காற்றைக் கல்லு மாதிரி அடித்து அனுப்பினார்.

அந்த வாரமே மழை கொட்டியது. மறுநாள் தபால் பையைக் கட்டிக்கொண்டு அவன் கிளம்பியபோது ஆற்றின் இரைச்சல் தோட்டம் வரை கேட்டது.

மூங்கில் புதரோரம் இராஜம்மா நின்றிருந்தாள். இன்றைக்குப் பாதைக்கு வெகு அருகில். கையில் பால்வெட்டுக் கத்தி.

அவன் பெடலை அழுத்தி மிதித்தான். சக்கரத்தின் கீழ் ஏதோ நறுக்கென்றது. வேலாயுதம் வைத்த கம்பி ஓர் ஆணியைத் தட்டிவிட்டது. இன்னொன்று டயரில் ஏறி அங்கேயே நின்றது. காற்று இறங்கவில்லை.

அவள் முகம் மாறிப்போனதை அவன் பார்த்தான். வாளியைப் போட்டுவிட்டு, கத்தியைக்கூட எறியாமல், அவன் பின்னாலேயே ஓடிவந்தாள். வாய் ஓயாமல் எதையோ கத்தினாள். ஆற்று இரைச்சலில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. விழுந்து எழுந்து மறுபடியும் ஓடிவந்தாள். அவன் இன்னும் வேகமாக மிதித்துப் பாலத்தின் மேல் ஏறினான்.

பாலத்தின் நடுவில் முன்சக்கரத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

சைக்கிளும் தபால் பையும் ஆற்றோடு போயின. அவன் பாலத்தின் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினான். வழுக்கும் மரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவியபோது ஒரு கை அவன் மணிக்கட்டைப் பற்றியது. இராஜம்மா சட்டத்தின் மேல் குப்புறப் படுத்திருந்தாள். அவளிடம் கத்தி இல்லை.

அவள் கரைக்கு இழுத்துப் போட்ட பிறகு அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஆணி வச்சது நீதான?"

"நாந்தான்."

"என்னைக் கொல்லத்தான வச்ச?"

அவள் நனைந்த தலைத்துணியைப் பிழிந்து உதறினாள்.

"தண்ணி ஏறுனா நடுப்பலகை மெதந்து கழண்டுக்கும், வடிஞ்சா தானா உக்காந்துக்கும். லயத்துல குடியிருக்கற ஆளுங்க யாரும் மழையில இந்தப் பக்கம் வர்றதில்ல. சொல்ல வந்தேன், தொரத்திட்டீங்க. குடிகாரன் பொண்டாட்டி பேச்சை ஆபீசுல யாரு கேப்பா?"

ராதாகிருஷ்ணன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"எம் பேர்ல அவ்வளவு கோவம் இருந்தும் எதுக்கு இத்தனை தடவை..."

இராஜம்மா ஆற்றையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கு அவருக்கு ஆணி வைக்க யாரும் இல்ல, கிராணி."