பன்னிரண்டாவது படி

“நகருங்கப்பா. கப்பலை எடுக்கணும்.”

அட்டைப் பெட்டியும் பழைய செய்தித்தாளுமாக அறை வாசலில் நின்றாள் மகள். அப்பா நகரவில்லை. முதுகைக் காட்டியபடி மேசை முன் உட்கார்ந்திருந்தார். அவள் குரல் கேட்டதும் மடியில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான்.

“யாருக்குக் குடுக்கப் போற?”

“யாருக்கோ. தம்பி நாளைக்கு வீட்டுக்கு வர்றான். வர்றப்ப இது கண்ணுல படக் கூடாதுன்னு சொல்லிட்டான்.”

தம்பிக்கு அச்சகத்தில் வேலை. காகிதம் வெட்டும் இயந்திரம் போன மாதம் அவனுடைய வலது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். ஆஸ்பத்திரியில் அவன் அழவில்லை. “பதினோராவது படியோட நின்னுபோச்சுக்கா” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

மேசைமேல் இருந்த பாய்மரக் கப்பலைத்தான் சொன்னான். முழங்கை நீளக் கப்பல். பாய்மரத்தில் மாலுமிகள் ஏறுவதற்குக் கயிற்று ஏணிகூட வைத்திருந்தான். ஏணியின் ஒவ்வொரு படிக்கும் நூலில் முடிச்சுப் போட வேண்டும். அந்த நெருக்கத்தில் விரல் நுழையாது என்று கருவிகளையும் அவனே செய்துகொண்டான். தையல் ஊசியின் காதை அரத்தால் ராவித் திறந்தால், நூலைத் தள்ளிவிட ஒரு சின்னக் கவை. குடைக்கம்பியின் நுனியை வளைத்தால், இழுக்க ஒரு கொக்கி. பென்சிலைப் பிளந்து அவற்றுக்குப் பிடி போட்டு, ஒரு டம்ளரில் வரிசையாக நிறுத்தியிருப்பான்.

டம்ளர் இப்போது காலியாக இருந்தது. பென்சில் பிடிகள் உடைந்து கிடந்தன. ஊசியும் கொக்கியும் துடைப்பக்கட்டைத் துண்டுகளுக்கும் சைக்கிள் கைப்பிடி ரப்பருக்கும் குடிபோயிருந்தன.

“அவன் செஞ்சதையெல்லாம் உடைச்சுட்டீங்களா?”

“பிடி ரொம்பச் சின்னதா இருந்துச்சும்மா.”

“யாருக்குச் சின்னது? உங்களுக்கா? ஊசிக்குப் போய் மண்வெட்டிப் பிடி போட்டு வெச்சிருக்கீங்க.”

காலமெல்லாம் பேருந்து ஓட்டிய மனிதர். ஊசியில் நூல் கோக்கக்கூட அம்மாவைக் கூப்பிடுவார்.

தரையெங்கும் கறுப்பு நூல் துண்டுகள். எல்லாம் பல்லால் கடித்துத் துப்பியவை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆஸ்பத்திரியில அம்மா அவன் பக்கத்தை விட்டு நகரல. நீங்க வர்றீங்க, ஃபிளாஸ்கைக் குடுக்குறீங்க, விசில் அடிச்சுட்ட மாதிரி ஓடிப்போயிடுறீங்க. எதுக்கு? இந்தப் பொம்மையைச் செய்யவா?”

பொம்மை என்பது அவருடைய சொல்தான். மீசை நரைக்கிற வரைக்கும் பொம்மை செய்வியாடா என்று தம்பியைக் கேட்டவர் அவர்.

“கயிறை ஒரு நிமிஷம் பிடிச்சுக்குங்கப்பான்னு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பான்? அப்பல்லாம் உங்களுக்கு டிவியில நியூஸ் முடியல. இப்ப அவனால முடியாதுன்னதும், நீங்க முடிச்சுப் பேர் வாங்கப் போறீங்களாக்கும்.”

“இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்மா.”

“இருந்து?”

அப்பா திரும்பாமலே கேட்டார்: “அந்த நூல்கண்டுல கொஞ்சம் வெட்டிக் குடேன்.”

“நீங்களே வெட்டிக்குங்க. உங்க கை நல்லாத்தானே இருக்கு.”

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்க மனம் வரவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, கப்பலின் அடியில் கை கொடுத்தாள்.

“வேண்டாம்மா, விடு.”

அப்பா பதறி இரண்டு கைகளையும் நீட்டினார். துண்டு நழுவி விழுந்தது.

அவருடைய வலது கையின் நடு மூன்று விரல்களும் உள்ளங்கையோடு மடக்கி, பேண்டேஜ் துணியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. வெளியே நீட்டிக்கொண்டிருந்தவை கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

அவள் கப்பலைப் பார்த்தாள். ஏணியின் படிகளை எண்ணினாள். பதினொன்று. அதற்கு மேல் புதிதாக ஒரு நூல்கூட ஏறவில்லை.

கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு பலகைத் துண்டு. அதில் இரண்டு ஆணி. ஆணிகளுக்கு நடுவே பாதியில் அவிழ்ந்து தொங்கியது ஒரு நூல். தரையில் கிடந்தவை எல்லாம் அப்படி அவிழ்ந்தவைதான்.

அப்பா துண்டை எடுத்து மறுபடி கையை மூடப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

“நாளைக்கு அவன் வந்தா, முடியும்டான்னு சொல்லணும்ல. பொய்யாச் சொல்லக் கூடாதேன்னு பாக்குறேன்” என்றார். “ஒரு முடிச்சுகூட விழ மாட்டேங்குதும்மா.”

அவள் அட்டைப் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். கத்தரிக்கோலை எடுத்தாள். நூல்கண்டைப் பிரித்தாள்.

“எவ்வளவு நீளம்ப்பா?”