ஜன்னலுக்குக் கீழே மீன்கூடை

ஞானசெல்வியின் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்க்காமல் கல்மண்டபம் பகுதியில் அந்தத் தெருவைத் தாண்ட முடியாது. தெருப்பக்கம் பெட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கிரில் ஜன்னல். அடித்தகட்டின் மேல் ரோஜா, குரோட்டன்ஸ், மணி பிளான்ட் என்று வரிசையாகத் தொட்டிகள்.

கடல் காற்று இரும்பைச் சும்மா விடுமா? ஞானசெல்வியும் விடுவதில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் போதும், துருவைச் சுரண்டாமலே மேலே பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்துவிடுவாள்.

இந்த அழகுக்குக் கீழேதான் மீன்காரி பூவம்மா கிழிந்த கூடைகளையும் உடைந்த ஐஸ்பெட்டியையும் கொண்டுவந்து குவித்திருந்தாள். எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவளுக்கு இந்தப் பக்கம் என்ன வேலை?

வயிற்றெரிச்சல்தான் என்றாள் ஞானசெல்வி. ஜன்னலிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, துரு உதிர்கிறது என்று ஓயாமல் குறை சொன்னவள்தானே.

கணவர் ஞானதுரைக்கு வேறு வருத்தம். கீழே மளிகைக் கடையில் கூட்டம் குறைந்ததும் காற்றாட நாற்காலி போட்டு அவர் பேப்பர் படிக்கிற இடம் அது. இப்போது மீன் நாற்றத்துக்குப் பயந்து கடைக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த கையோடு ஞானசெல்வி சண்டைக்கு நின்றாள்.

"சாயங்காலத்துக்குள்ள இதெல்லாம் போயிரணும். இல்லன்னா கார்ப்பரேஷன்காரங்களக் கூட்டிட்டு வந்துருவேன், பாத்துக்கோ."

"நீ ஜன்னல எடு, நான் கூடைய எடுக்கறேன்" என்றாள் பூவம்மா, செதில் சீவுவதை நிறுத்தாமல்.

என்ன திமிர்! ஞானசெல்வி விடுவிடுவென்று மாடியேறினாள். அதே கோபத்தில் ஒரு வாளித் தண்ணீரைச் செடிகளுக்குக் கொட்டினாள். மண் அடைத்துக்கொண்ட தகட்டில் தண்ணீர் குளம் மாதிரி தேங்கியது.

அடுத்த நிமிஷம் தடாலென்று சத்தம். அடித்தகடு பிய்ந்து, தொட்டிகள் மொத்தமும் கீழே.

அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கூடைகள் நசுங்கிக் கிடந்தன. ஐஸ்பெட்டியைப் பிளந்துகொண்டு ரோஜாத் தொட்டி இறங்கியிருந்தது. கடை வாசலில் ஞானதுரை கையில் பேப்பரோடு வெளிறிப்போய் நின்றார்.

பூவம்மா தெருவைத் தாண்டி வந்து, சிதறிய தொட்டி ஓடுகளை ஒதுக்கி ரோஜாச் செடியை வெளியே எடுத்தாள்.

"தகடு இத்துப் போயி கீதுன்னு எத்தினி தபா சொன்னேன். வயித்தெரிச்சல்னு சொல்லிட்ட. அண்ணாச்சி இன்னாடான்னா டெய்லி கரெக்ட்டா இங்கியே சேர் போட்டு குந்திகினு இருக்காரு. எழுந்திருன்னா எழுந்துருவாராக்கா? அதான் கூடைய போட்டேன்."