சரிவுக்கு முன்னால் ஒரு படி

ஒரு வயல் வரப்பில் வாழ்ந்த எலிகள் கூடிச் சட்டம் ஒன்று போட்டன: இனிமேல் புதிதாக வளை தோண்டும் எவரும், கால் ஊனமானவர்களும் இறங்கும்படி வாசலைச் சரிவாகத் தோண்ட வேண்டும். அதுவரை வளை என்றால் செங்குத்தாகக் கீழே போவதுதான் வழக்கம்.

புது வளை தோண்டிக்கொண்டிருந்த செங்கோடன் என்ற பருத்த எலி மூக்கைச் சுளித்தார். "இந்தச் சட்டத்தில் பாம்பு வாடை அடிக்கிறது. சரிவு வைத்தால் யாருக்குச் சௌகரியம்?"

பொறியில் ஒரு பின்னங்காலை இழந்த காத்தாயி கேட்டாள்: "பாம்புக்கு எத்தனை கால், அண்ணே?"

"ஒன்றுமில்லை."

"கால் இல்லாத அது காலங்காலமாக உங்கள் செங்குத்து வளைக்குள் வந்து போகிறது. மூன்று கால் இருக்கிற நான் வெளியே கிடக்கிறேன். நாளைக்கு வயலுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். எனக்கு உள்ளே ஒரு மூலை போதும்."

செங்கோடன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாம்பைப் பற்றி உனக்கு எப்படி இவ்வளவு விவரம் தெரியும்?"

ஆனாலும் சட்டத்துக்குப் பயந்து சரிவு தோண்டினார். பார்வையிட வந்த எலிகள் வாலால் அளந்து பாராட்டிவிட்டுப் போயின. அவை போனதும், எதற்கும் இருக்கட்டும் என்று, சரிவுக்கு முன்னால் களிமண்ணால் உயரமாக ஒரு படி கட்டினார்.

மறுநாள் தண்ணீர் வந்தது. காத்தாயி மூன்று முறை படியேறப் பார்த்துச் சறுக்கி விழுந்தாள்.

"ஒரே ஒரு படிதானே, தங்கச்சி!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தண்ணீருக்குத் தப்பி வந்த பாம்பு அவளைக் கடந்து உள்ளே போயிற்று. வழியில் படி ஒன்று இருந்ததை அது கவனிக்கவே இல்லை.