வெறும் வெளிச்சம்

"அண்ணே, நில்லுங்க. ரீலைச் சுத்தாமயே அடுத்த படம் எப்படி எடுக்கிறீங்க?"

கல்யாண மேடைக்குக் கீழே, போட்டோகிராபர் அழகுமலையை வழிமறித்தாள் தங்கப்பொண்ணு. மணப்பெண்ணின் அக்கா, எம்.ஏ. மாணவி. பேச்சுப்போட்டியில் அவள் பெயரைப் பார்த்தால் பாதிப்பேர் தங்கள் பெயரை அடித்துவிடுவார்கள்.

அழகுமலை அக்கம்பக்கம் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க தங்கச்சி."

"எதுக்கு மெதுவா? மலையம்மாக்கா பரவையில இருந்து வந்திருக்கு. புள்ளைக்குத் தலை சீவி, பவுடர் பூசி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நீங்க பிளாஷை மட்டும் பளிச்சுன்னு அடிச்சு அனுப்பிட்டீங்க. இது ஏமாத்து இல்லையா?"

"ஒரே ஒரு ரீலுதான் சொல்லியிருக்காக. மிஞ்சிப்போனா முப்பத்தாறு படம். சனம் மண்டபம் கொள்ளல. ஆளுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போறது?"

"அதை மைக்குல சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. மானம் போறது உங்க அப்பாவுக்குத்தான்."

"அப்பாவுக்கா?"

அழகுமலை குரலைத் தாழ்த்தினார். "அவரு போட்ட ஏற்பாடுதான் தங்கச்சி இது. துண்டை ஒரு தோள்ல இருந்து மறு தோளுக்கு மாத்திப் போட்டாருன்னா நெசப் படம். துண்டு அசையலேன்னா வெறும் வெளிச்சம்."

தங்கப்பொண்ணு நம்பவில்லை. சர்பத் மேஜைக்குப் போய் நின்றுகொண்டு மேடையையே கவனித்தாள்.

கப்பலூர் கம்பெனி முதலாளி மேடை ஏறினார். அப்பா நல்லகாமன் துண்டை உதறி மாற்றிப் போட்டார். பிளாஷ் அடித்தது. அழகுமலையின் கட்டைவிரல் ரீலைச் சுற்றியது.

அடுத்து களையெடுக்க வருகிற பெண்கள் நான்கு பேர். பிளாஷ் அடித்தது. துண்டு அசையவில்லை. விரலும் அசையவில்லை.

தங்கப்பொண்ணு வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கினாள். அந்த வீட்டில் அவளோடு உட்கார்ந்து சரிக்குச் சரி வாதாடுகிற ஒரே ஆள் அவர்தான். படிக்க அனுப்பியவரும் அவர்தான்.

அந்த நேரம் பார்த்து ஒச்சாயி அத்தை ஆரம்பித்தாள். "ஏண்டா நல்லகாமா, மூத்தவ நிக்கையில இளையவ கழுத்துல மாலையா? ஊரே கேக்குது."

"கேக்கட்டும்க்கா! எம் மூத்தவ எம்.ஏ. படிக்குது. இந்தா, இந்த மேடை சோடனை, பொண்ணுக்குப் பூச்சடை, நீ இப்பக் குடிச்சியே ரோஸ் சர்பத்து, அம்புட்டும் அது கைவேலைதான்!"

மண்டபத்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அடுக்கிவைத்த கேள்விகளில் பாதி அப்போதே சரிந்தன.

"ஆத்தா தங்கப்பொண்ணு! மேல வா. தங்கச்சியோட ஒண்ணு நில்லு."

சர்பத் பிசுபிசுத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஏறினாள். தாலி கட்டியபோதுகூட அவள் அந்த மேடையில் இல்லை. டம்ளர் எடுத்துவர அனுப்பியிருந்தார்கள்.

செல்லக்கிளி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். "எங்கக்கா போயிட்ட? உன் சடை கனத்துல கழுத்தே ஒடிஞ்சிரும் போல."

"பத்திரிகையில பாத்து இதுதான் வேணும்னு நின்னது யாரு? நிமிந்து நில்லுடி."

அழகுமலை கேமராவைத் தூக்கினார். "எல்லாரும் இங்க பாருங்க. சிரிங்க."

மேடை ஓரத்தில் அப்பா நின்றிருந்தார். இடது தோளில் துண்டு.

பளிச்.

துண்டு இடது தோளிலேயே கிடந்தது.

"அம்புட்டுத்தான் ஆத்தா. எறங்கு, அடுத்தவுக நிக்கணும்ல" என்றார் அப்பா, பாசமாக.

அவள் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி, காலி டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஆல்பம் வந்த அன்று வீடே கூடி உட்கார்ந்து பார்த்தது. முதலாளி இருந்தார். முதலாளியின் டிரைவர்கூட இருந்தார். மலையம்மா இல்லை. தங்கப்பொண்ணும் இல்லை.

"ரீலு தீந்து போயிருக்கும் ஆத்தா" என்றார் அப்பா, ஆல்பத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

வாதாட அவளுக்கு ஆயிரம் இருந்தது. எழுந்து உள்ளே போனாள். தங்கச்சியின் பாய் சுருட்டியபடி மூலையில் நின்றது. அதற்குப்பிறகு அப்பா ஏதாவது கேட்டால் 'ம்' என்பாள். அதோடு சரி. மகள் அடங்கிவிட்டாள் என்று அவருக்குச் சந்தோஷம்.

ஒருநாள் காலையில் சமயநல்லூர் பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றிருந்தாள். எதிரே ஸ்டுடியோவிலிருந்து அழகுமலை கைதட்டிக் கூப்பிட்டார்.

"சண்டை போடாம ஒரு நிமிசம் வாங்க தங்கச்சி."

"சண்டைக்கு இனி என்ன இருக்கு? நீங்களாவது ஊரைத்தான் ஏமாத்துனீங்க."

அழகுமலை ஒரு கவரை நீட்டினார். "ஆல்பம் சம்பந்தி வீட்டுக்குப் போகுது, கட்டிக்குடுக்காத மூத்தவ அதுல வேண்டாம்னு உங்க அப்பா மொதல்லயே சொல்லிப்புட்டாரு. அன்னிக்குப் பூரா அவரு துண்டைப் பாத்துத்தான் எடுத்தேன். இந்த ஒண்ணைத் தவிர."

பிரித்தாள்.

சாமந்தித் தோரணம், தெர்மாகோல் எழுத்து, முன்னால் எடுத்துவிட்ட பூச்சடை, எல்லாம் அவள் வைத்த இடத்தில் இருந்தன. மாப்பிள்ளையும் தங்கச்சியும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஒருத்தி மட்டும், படத்துக்குள் இல்லாத அப்பாவின் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.